வெள்ளி 630

பெட்டியின் மூடியைத் தூக்கியதும் அந்தச் சுங்க அதிகாரியம்மாவின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சிங்கப்பூர் விமான நிலையம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே போகிற வழியில் நீளமான இரும்பு மேஜை ஒன்று. அதன் பின்னால் நின்றவர் எங்கள் சுற்றுலாக் கூட்டத்தில் எங்களை மட்டும் கைகாட்டி அழைத்தார். சட்டையில் தமிழ்ப் பெயர் குத்தியிருந்தது. தமிழிலேயே பேசினார். பெட்டியை மேஜைமேல் தூக்கி வைத்தேன். சக்கரத்தில் ஒட்டியிருந்த நெல் உமி இரண்டு மூன்று அந்தப் பளபளப்பான தரையில் உதிர்ந்தது. உமி அங்கே எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உள்ளே மேல் அடுக்கில் இரண்டு பட்டுப் புடவைகள், கண்ணாடிக் கவருக்குள், முந்தானை மேலே தெரியும்படி. அவற்றுக்குக் கீழே மற்றவை ஓரத்துக்கு ஓரம் ஒட்டினாற்போல. ஒரு நூல் துருத்திக்கொண்டிருக்காது. ஆரணியிலிருந்து பஸ், பிறகு விமானம், பிறகு சாமான் ஓடும் பெல்ட்டு என்று இத்தனை குலுக்கலுக்குப் பிறகும் ஒரு மடிப்புக்கூட நழுவவில்லை.

“இதை யாரு அடுக்குனது?” என்று கேட்டார்.

“நான்தாங்க” என்றேன்.

பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி கஸ்தூரி திரும்பி என்னைப் பார்த்தாள். ‘சொல்லிக்கோ, சொல்லிக்கோ’ என்கிற பார்வை அது. அதிகாரி குனிந்து, கவருக்குள் நான் செருகியிருந்த துண்டுச் சீட்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து, “இதெல்லாம் இங்க விக்கிறதுக்குக் கொண்டு வந்தீங்களா?” என்றார்.

வாசகி கேட்ட கேள்வி

பட்டுக் கடையில் புடவை விரித்துக் காட்டும் கலையைப் பற்றிப் போன வாரம் இங்கே கொஞ்சம் அதிகமாகவே அளந்துவிட்டேன். அதைப் படித்துவிட்டு வேலூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: ‘கடையில் இவ்வளவு அழகாக மடிப்பவர் வீட்டுப் பீரோ எப்படி இருக்கும்? உங்கள் மனைவி கொடுத்து வைத்தவர்.’

கடிதத்தைக் கஸ்தூரியிடம் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பெட்டி சமாச்சாரத்த எழுதுங்க” என்றாள். “அப்புறம் அந்தம்மா யாரு கொடுத்து வெச்சவங்கன்னு முடிவு பண்ணிக்கட்டும்.” ஆகவே இந்த வாரம் அது. தவறு முழுக்க என்னுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆரணி கடைத்தெருவில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் விற்பனையில் இருந்தவன். ஒரு கல்யாணக் கூட்டம் வந்து உட்கார்ந்தால் அறுபது எழுபது புடவையை விரிக்க வேண்டியிருக்கும். எடுப்பது மூன்றாக இருக்கும். அவர்கள் போனபிறகு மிச்சத்தை மடிக்க வேண்டும். கை தானாக மடிக்கும், வாய் தானாக அரசியல் பேசும்.

கடை மடிப்புக்கு ஒரே ஒரு விதிதான். குறை உள்ளே, நிறை வெளியே. எங்கேயாவது ஓர் இழை தடித்திருக்கிறதா, சாயம் ஒரு பொட்டு ஏறியிருக்கிறதா, அது மடிப்பின் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். முந்தானையும் ஜரிகைக் கரையும் மேலே வந்து சிரிக்க வேண்டும். ஏமாற்று இல்லை, விரித்தால் எல்லாம் தெரியத்தானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இந்த வியாதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். சேவூரில் எங்கள் வீட்டுப் பீரோவைத் திறந்தால் கடை அலமாரியைத் திறந்த மாதிரிதான் இருக்கும். கஸ்தூரி துவைத்து, காயவைத்து, மடித்து வைப்பாள். நான் சாயங்காலம் வந்து அதையெல்லாம் எடுத்து மறுபடி மடிப்பேன். பழைய நைலக்ஸ் புடவைக்குக்கூட நடுவில் அட்டை வைத்தவன் நான். அவளுக்குக் கோபம் வராதா என்றால், வரும். ஆனால் வியாதிக்காரனிடம் எத்தனை நாள்தான் சண்டை போடுவது என்று விட்டிருந்தாள்.

கல்யாணப் பட்டு

பீரோவிலேயே எனக்கு அதிக வேலை வைத்தது அவளுடைய கல்யாணப் புடவை. அரக்கு நிறம், மயில் கழுத்துப் பச்சையில் கரை. நான் வேலை பார்த்த கடையிலிருந்தே, நானே தேர்ந்தெடுத்தது.

அதன் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை உண்டு. கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை, அதாவது நான், யாரோ கூப்பிட்டார்கள் என்று சடாரெனத் திரும்பி ரசத்தை ஊற்றிவிட்டேன். ஊரில் ஒருவன் பட்டுக்குத் தண்ணீர் பட்டால்கூடப் பதறுவானென்றால் அது நான்தான். கட்டிய அன்றைக்கே என் கையால் ரசம். கொல்லன் வீட்டில் அரிவாள் மழுங்கல் என்று அன்றைக்குப் பந்தியில் ஒரு சித்தப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

பட்டை ஒரே மடிப்பில் விட்டுவைத்தால் மடிப்புக் கோட்டிலேயே நைந்துவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைப் பிரித்து வேறு கோட்டில் மடித்து வைப்பேன். கோடு மாறும். ஆனால் அந்தக் கறை மட்டும் எப்போதும் உள்ளேதான் போகும். அதைப் பார்த்தால் எனக்கு வெட்கம். பார்த்த வேகத்தில் உள்ளே தள்ளிவிடுவேன்.

கஸ்தூரி அதை எடுத்துக் கட்டக் கேட்கும்போதெல்லாம் நான் ஏதாவது காரணம் வைத்திருப்பேன். மழை வரும், கூட்டத்தில் கசங்கும், பஸ் சீட்டில் ஆணி இருக்கும். இப்படியே பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது.

முதலாளிக்குத் தலை சுற்றியது

ஜரிகை சப்ளை செய்யும் கம்பெனி ஒன்று, அந்த வருடம் நிறையச் சரக்கு எடுத்த கடைக்காரர்களை மனைவியோடு சிங்கப்பூருக்கு ஐந்து நாள் அழைத்துப்போவதாக அறிவித்தது. எங்கள் முதலாளிக்கும் இடம் கிடைத்தது. அவருக்குத் திருப்பதி மலை பஸ்ஸிலேயே தலை சுற்றும். விமானம் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, “ஏம்பா, எனக்குப் பதிலா நீ உன் சம்சாரத்த இட்டுகினு போயிட்டு வந்துடேன்” என்றார். ஏதோ தபாலாபீசுக்குப் போய்வரச் சொல்வது போலச் சொன்னார்.

மகள் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீடு இருந்தது. ஆனாலும் கஸ்தூரி உடனே தலையாட்டவில்லை. ஊர்ப் பயணம் எதற்கும் அப்படித் தயங்கமாட்டாள். பயணத் திட்டத்தை என்னைப் படிக்கச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மன் கோயில். சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆற்றில் படகிலேயே விருந்து. சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பறவைகள் பூங்கா. இப்படிப் போயிற்று.

“படகுல போறப்ப அந்தக் கல்யாணப் பட்ட கட்டிக்குவேன்” என்றாள். “சரின்னா வரேன். இல்லன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க.”

தண்ணீர்க் காற்று ஜரிகைக்கு ஆகாது என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் வீட்டில் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. மூன்றாம் நாள் நான் இறங்கி வந்தேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். பெட்டியை நான்தான் அடுக்குவேன்.

மடிப்பா, சுருட்டா

ஆளுக்கு ஒரு பெட்டி, இருபது கிலோ என்று சொல்லியிருந்தார்கள். என் மடிப்புக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெட்டி போதும் என்று ஜம்பமாக அறிவித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே புது ரெக்ஸின் நாற்றம் போக இரண்டு நாள் வெயிலில் திறந்து வைத்தேன்.

பிறகு கடைக்குச் சரக்கு அடுக்குவது போலவே அடுக்கினேன். பாரமானது சக்கரம் இருக்கிற பக்கம். என் செருப்புக்குள் காலுறை. புளிக்காய்ச்சல் டப்பாவுக்கு மூன்று பிளாஸ்டிக் பை, அதற்குமேல் ஒரு துண்டு. அதற்கப்புறம் இனவாரியாக அடுக்கு. பாவாடையெல்லாம் அடியில், ரவிக்கையெல்லாம் அதன்மேல், என் வேட்டி சட்டை ஒரு அடுக்கு, சிந்தெட்டிக் புடவைகள் ஒரு அடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலே பட்டு இரண்டும். பட்டுக்கு மட்டும் கடைக் கவர் போட்டேன். கவரில் எங்கள் கடைப் பெயர், கீழே ‘ஆரணிப் பட்டு’ என்று தங்க எழுத்து.

ஒவ்வொரு புடவையிலும் எந்த நாள், எத்தனை மணி என்று ஒரு சீட்டு செருகினேன். கடைச் சீட்டுதான், சிவப்பு மை. கோயிலுக்கு ‘வெள்ளி 1000’. படகு விருந்துக்கு, கல்யாணப் புடவையில், ‘வெள்ளி 630’. கடைச் சீட்டில் புள்ளி வைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கஸ்தூரி கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள். அவள் முள்ளிப்பட்டுக்காரி. பிறந்த வீட்டில் தறி இரண்டு. ஒரு நாளைக்கு வேண்டிய புடவை, பாவாடை, ரவிக்கை, கைக்குட்டை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துச் சுருட்டிவிடலாமே, ஒரு நாளுக்கு ஒரு சுருட்டு எடுத்தால் போதுமே என்றாள். பட்டைக்கூட வெள்ளைத் துணி வைத்துச் சுருட்டலாம், கோடே விழாது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பட்டைப் பாய் மாதிரி சுருட்டுவதா?

“சிரிக்காதீங்க” என்றாள். “தறியில நெய்ய நெய்யக் கட்டையில சுத்திகினுதான வருது? பொடவ பொறக்கறதே சுருண்டுகினுதான். மடிக்கறதெல்லாம் உங்க கடைக்காரங்க கண்டுபிடிச்சது.”

நான் பெட்டியை மூடினேன்.

எடை பார்க்க வேண்டும். வீட்டில் எந்தத் தராசு இருக்கிறது? மொபெட்டின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, பஸ் போகும் சாலையில் இருந்த ரைஸ் மில்லுக்குப் போனேன். அவித்த நெல்லின் வாசனை சாலைக்கே வந்து கூப்பிடும். மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் பெட்டியை ஏற்றினேன். மில் கணக்குப்பிள்ளை மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “இன்னாங்க இது, பச்சையா, புழுங்கலா?” என்று கேட்டார். பத்தொன்பதரைக் கிலோ காட்டியது. பெருமையோடு இறக்கி, உமி குவிந்து கிடந்த தரையில் உருட்டிக்கொண்டே வந்தேன். அதுதான் சிங்கப்பூர்த் தரையில் உதிர்ந்த உமி.

மறுபடி அந்த இரும்பு மேஜை

இப்போது மேஜைக்கு வருவோம். விற்பதற்கா என்று கேட்டதும் இல்லை என்று தலையாட்டினேன். அவர் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த ஊர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள். பத்து வெள்ளி, நூறு வெள்ளி. இது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

“இது அறுநூத்து முப்பது வெள்ளியா?” என்றார்.

அதிகாரி அல்லவா, போலீஸ்காரர்கள் போல மணியையும் நிமிடத்தையும் சேர்த்துப் படிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். “ஆமாங்க, வெள்ளிதான்.”

“அப்ப இது ஆயிரம் வெள்ளி?”

“அது காலையிலங்க. கோயில்ல.”

“கோயில்லயா? சரி, அறுநூத்து முப்பது எங்க?”

“அது சாயந்திரம், படகுலங்க.”

“அங்க யாரெல்லாம் வர்றாங்க?”

“நாப்பது பேரு வராங்க. எல்லாரும் பொடவ யாபாரம்தாங்க.”

“ஊர்ல நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“பட்டுப் பொடவக் கடைங்க” என்றேன், கவரில் இருந்த எங்கள் கடைப் பெயரைத் தொட்டுக் காட்டி.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மூட்டை கட்டி, சீட்டு எழுதி, கடைப் பெயரும் போட்டுக் கெட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். விற்கக் கொண்டுவரும் சரக்கென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வரி கட்டியிருக்க வேண்டும். இந்த இரண்டு புடவையையும் இங்கே எடுத்து வைத்துக்கொள்கிறோம், பெரிய அதிகாரி நாளைக்குப் பார்த்து முடிவு சொல்வார் என்றார்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. இது இவள் கட்டுகிற புடவை என்று சொன்னேன். கட்டுகிற புடவையை யாராவது இப்படி அட்டை வைத்து, கவர் போட்டு, சீட்டு செருகிக் கொண்டு வருவார்களா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் கூட்டத்தின் மற்றவர்கள் வெளியே பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். எங்களை அழைத்துப்போக வந்தவர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கஸ்தூரி மட்டும் கவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்து வாங்கிய வெள்ளிக்கிழமை அது.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. கஸ்தூரி கையை நீட்டிக் கவரை இழுத்தாள். அட்டையை உருவி மேஜையில் போட்டாள். கல்யாணப் புடவையை ஒரே உதறலில் விரித்தாள். பத்தொன்பது வருடமாக நான் மாற்றி மாற்றிப் போட்ட மடிப்பெல்லாம் கலைந்து, அரக்கும் பச்சையுமாக அந்த மேஜை முழுக்கப் பரவியது. முந்தானையை இழுத்து, கறையை அந்த அம்மாவின் கண்ணுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“இங்க பாருங்கம்மா. எங்க கல்யாணத்தன்னிக்கு இவரு ஊத்தின ரசம் இது.”

பிறகு கரையைப் புரட்டினாள். உள்பக்கம் ஃபால்ஸ் துணி தைத்திருந்தது; கட்டுகிற புடவைக்குத்தான் அதைத் தைப்பார்கள். எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஃபால்ஸ் தைத்துக் கொடுப்பவள் அவள்தான். “ஊருக்கெல்லாம் நூலு கலர் பாத்துத் தைப்பேன். என்னுதுக்கு மிச்சம் இருந்த நூலு. சேரல பாருங்க. இங்க கொலுசு மாட்டி இழுத்துகினு கீது. இது விக்கிற பொடவையாம்மா?”

அந்த அம்மா குனிந்து பார்த்தார்.

“மொத்தம் நாலு வாட்டிதான் கட்டிகினேன்” என்றாள் கஸ்தூரி. “மீதி நாளெல்லாம் இவரு மடிச்சி வெச்சிகினாரு. இது என்னுதுன்னு இவருக்கே இன்னும் தெரியல. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அதட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கடையில் எத்தனையோ பெண்களுக்கு, ‘இது உங்களுக்குன்னே நெய்ஞ்சதும்மா’ என்று சொல்லி விற்றிருக்கிறேன். வீட்டில் ஒருத்திக்கு அதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

அதிகாரி இரண்டாவது பட்டையும் அவளிடமே கொடுத்துப் பிரிக்கச் சொன்னார். அதிலும் ஃபால்ஸ், அதிலும் சேராத நூல். பிறகு அடுத்த அடுக்கிலிருந்த பூப்போட்ட சிந்தெட்டிக் புடவையைத் தூக்கினார். அதிலிருந்து ஒரு சீட்டு விழுந்தது. எடுத்துப் படித்தார். ‘சனி 900.’

அதை மற்ற இரண்டு சீட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு, “சனிக்கிழமை, ஒம்பது மணியா ஐயா?” என்றார்.

“ஆமாங்க. பறவை பாக்க.”

அவர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வெள்ளி என்றால் அங்கே என்ன என்பதை அப்போதுதான் விளக்கினார். கஸ்தூரிக்குக் கண்ணில் நீரோடு சிரிப்பு வந்துவிட்டது. நான் மட்டும் சிரிக்க முடியாமல் கவரை மடித்துக்கொண்டிருந்தேன். பழக்கதோஷம், அதையும் நாலாக மடித்தேன்.

“இனிமே கிழமையை முழுசா எழுதுங்க ஐயா” என்று சொல்லி அனுப்பினார். பட்டை மறுபடி மடிக்க நான் கையை நீட்டினேன். அதற்குள் கஸ்தூரி அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

படகில்

மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பும்போது என் இனவாரி அடுக்கின் லட்சணம் தெரிந்தது. ஒரே ஒரு பாவாடை வேண்டுமென்றால் அது அடியில் இருந்தது. புடவை, வேட்டி, ரவிக்கை எல்லாவற்றையும் கட்டிலில் இறக்கினால்தான் அதை எடுக்க முடியும். கடையில் ஒருவர் கேட்பது ஒரு இனம். மனுஷருக்கு ஒரு நாளைக்கு எல்லா இனத்திலும் ஒன்று வேண்டும். இந்தச் சின்ன விஷயம் இருபத்தைந்து வருட அனுபவத்தில் எனக்கு எட்டவில்லை.

கஸ்தூரி கட்டிலில் கிடந்ததையெல்லாம் நாளுக்கு ஒன்றாகச் சுருட்டி வரிசையாக நிறுத்தினாள். பெட்டியில் கால்வாசி இடம் மிஞ்சியது. எண்ணிப் பார்த்தேன், எதுவும் விட்டுப்போகவில்லை.

சாயங்காலம் படகில் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையை மடிப்பு வைத்துக் குத்திக்கொள்ளாமல், கை வழியே அப்படியே விரித்து விட்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் ஜரிகையும் தெரிந்தது, ரசமும் தெரிந்தது. சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு கடைக்காரரின் மனைவி அதைத் தொட்டு என்ன இது என்று கேட்டார். கஸ்தூரி பந்தியில் நடந்ததிலிருந்து இரும்பு மேஜை வரை சொன்னாள். அதற்குள் பக்கத்து மேஜைக்காரர்களும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். ‘அது காலையிலங்க, கோயில்ல’ என்று என் குரலில் அவள் சொன்னபோது படகே சிரித்தது.

நான் என் தட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். தேங்காய்ப்பால் குழம்பு இருந்தது, எதற்கு வம்பு என்று. அவள் என் நாற்காலியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள். “இன்னொண்ணு பட்டாலும் பரவால்லங்க” என்றாள். தண்ணீர்க் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஜரிகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அவளைப் பார்த்துக்கொண்டிருந்த அளவுக்கு நான் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

திரும்பும்போது பெட்டி அவள் பொறுப்பு. தலைவலித் தைலம் அரை டஜன், மகளுக்கு மடக்குக் குடை, முதலாளிக்கு மேஜைக் கடிகாரம், அது போக மிட்டாய்ப் பைகள், எல்லாம் சுருட்டுகளின் இடுக்கில் போய் உட்கார்ந்தன. பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து மூட வேண்டியிருக்கும் என்று நான் தயாராக நின்றேன். அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று.

பாய்க்கடை

வேலூர் வாசகிக்கு இப்போது பதில். எங்கள் வீட்டுப் பீரோவில் மேல் தட்டு என்னுடையது. வேட்டி, சட்டை, துண்டு, எல்லாம் கடை மடிப்பில் ஓரத்துக்கு ஓரம் இருக்கும். கீழே இரண்டு தட்டும் கஸ்தூரியுடையவை. என் பழைய வேட்டிகளைக் கிழித்து உள்ளே வைத்து, பட்டுப் புடவைகளையெல்லாம் சுருட்டி, அவளுக்குத் தோன்றிய வரிசையில் வைத்திருக்கிறாள். கல்யாணப் புடவை முன்னால் இருக்கும். கறை வெளிப்பக்கம். கை அரிக்கும், ஆனாலும் நான் தொடுவதில்லை. அதை அவள் கட்டியது எத்தனை தடவை என்கிற எண்ணிக்கையும் இப்போது எங்கள் இருவருக்கும் தவறிவிட்டது.

அந்தப் பயணம் முடிந்து சில மாதம் கழித்து முதலாளி ஏதோ காரியமாக வீட்டுக்கு வந்தார். அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கப் பீரோவைத் திறந்தேன். கடையில் ஒரு மடிப்பு ஒரு விரற்கடை விலகினால் தூக்கிப் போடுகிற மனிதர். கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இன்னாப்பா இது? உன் ஊட்ல போயி? கோரப்பாய்க் கடை மாதிரி கீது.”

“கடை இல்லீங்க” என்றேன். “கஸ்தூரியோட பொடவைங்க.”

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. முதலாளியைச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்தாள். எனக்கு ரசம் ஊற்றும்போது மட்டும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்று ஊற்றினாள். முதலாளிக்கு ஏனென்று தெரியவில்லை. நாங்கள் சொல்லவும் இல்லை.